மருத்துவ பீடத்தில் இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் என்ன வேலை?

இலங்கையில் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் மூன்று பாடங்களுக்குள் நுழைகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரியூஷன் வகுப்புகளுக்கு ஓடி, இசட் புள்ளியைப் பற்றிய கவலையோடு இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்து, ஒருவாறு பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்போது, தமிழ் இலக்கியமும் வரலாறும் சமயமும் 16 வயதிலேயே கைவிட்ட பழைய பாடங்களாகிவிட்டிருக்கும். ஆனால் கின்சி வீதியிலுள்ள கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், உடற்கூற்றியலுக்கும் மருந்தியலுக்கும் துறைகள் இருப்பதுபோலவே மருத்துவ மனிதப் பண்பியலுக்கும் ஒரு துறை இருக்கிறது. புதிதாக வரும் மாணவருக்கு மட்டுமல்ல, செலவழித்துப் படிப்பித்த பெற்றோருக்கும் இது சற்று வியப்பாகவே இருக்கும். நோயைக் குணப்படுத்தக் கற்க வந்தவருக்கு இலக்கியமும் மெய்யியலும் எதற்கு என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது.

மனிதப் பண்பியல் துறைகள் என்பது இலக்கியம், வரலாறு, மெய்யியல், மொழியியல், சமயக் கற்கை, நுண்கலை ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் பெயர். இவற்றின் வழிநின்று நோய், சிகிச்சை, மரணம், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு ஆகியவற்றை ஆராய்வதும், அவ்வாறு ஆராயும் முறைகளை மருத்துவ மாணவருக்குப் பயிற்றுவிப்பதுமே மருத்துவ மனிதப் பண்பியல். மானிடவியலும் சமூகவியலும் பல பல்கலைக்கழகங்களில் இதனோடு சேர்ந்தே வருகின்றன. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1967இல் தனது மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியபோதே இதற்கென ஒரு துறையையும் நிறுவியது. தாதியர், இயன்மருத்துவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வோர் ஆகியோரையும் உள்ளடக்கும் அளவுக்குத் துறை விரிந்த பின்னர், சுகாதார மனிதப் பண்பியல் என்ற பெயரும் புழக்கத்துக்கு வந்தது. பெயர் எதுவானாலும் அடிப்படைக் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான்.

இதை நல்ல குணம் போதிக்கும் வகுப்பு என்றோ, கடுமையான படிப்புக்கு நடுவே மனதை ஆற்றிக்கொள்ளும் கலை நிகழ்ச்சி என்றோ நினைப்பவர்கள் பலர். பேராசிரியர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நோயாளியைப் பற்றி மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் ஒரு பகுதி ஆய்வுகூட அறிக்கையில் வராது. பேச்சைக் கேட்டு, பொருள் கண்டு, எது முக்கியம் என்று நிறுத்துப் பார்த்தே அதை அறிய முடியும். இரத்தப் பரிசோதனையைச் சரியாக வாசிக்கப் பயிற்சி தேவைப்படுவதுபோல் இதற்கும் பயிற்சி தேவை. அந்தப் பயிற்சியைத் தரும் துறைகளே மேலே சொன்னவை. இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் மட்டுமே இத்துறைக்கு மருத்துவ பீடத்தில் இடம் கேட்பதற்கு நியாயம் உண்டு என்பது என் எண்ணம்.

இங்கே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, உடலில் உள்ள நோய்க்கும் நோயாளி அனுபவிக்கும் துன்பத்துக்கும் உள்ள வேறுபாடு. மருத்துவராகவும் மானிடவியலாளராகவும் விளங்கும் ஆர்தர் கிளைன்மன் இந்த வேறுபாட்டை விரிவாக எழுதியவர். நோயாளியிடம் கேட்க வேண்டிய சில எளிய கேள்விகளையும் அவர் முன்வைத்தார். உங்களுக்கு என்ன பிரச்சினை என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது ஏன் வந்தது, ஏன் இப்போது தொடங்கியது, இதில் உங்களை அதிகம் பயப்படுத்துவது எது என்பன போன்ற கேள்விகள் அவை. அதற்குச் சற்று முன்னர், 1977இல், ஜோர்ஜ் ஏங்கல் என்ற அமெரிக்க மருத்துவர், உடல் கூறுகளை மட்டும் வைத்து நோயை விளக்கும் முறை போதாது என்றும், உளமும் சமூகமும் அந்த விளக்கத்துக்குள் வரவேண்டும் என்றும் வாதிட்டிருந்தார்.

நீரிழிவை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். இன்சுலின் போடும் நோயாளி ஒருவரின் சீனி அளவு, கிளினிக் கொப்பியில் மாதாமாதம் ஒழுங்காக இருந்து, ஒரு மாதத்தில் மட்டும் தாறுமாறாகிறது. மருந்தை மாற்றலாமா, அளவைக் கூட்டலாமா என்று மருத்துவர் யோசிக்கிறார். அந்த மாதம் றமழானாக இருக்கலாம். நோயாளி கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்தவராகவும் இருக்கலாம். விரதம் இருக்கும்போது வழமையான அளவில் இன்சுலின் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பயந்துபோய் இன்சுலினை முழுதாக நிறுத்தினால் ஏறிவிடும். இவை இரண்டும் எந்தப் பாடநூலிலும் உள்ள செய்திகள். ஆனால் இவர் விரதம் இருக்கிறார் என்ற செய்தி நோயாளியின் வாயிலிருந்துதான் வரவேண்டும். ஏசுவார்கள் என்ற பயத்தில் அதை அவர் சொல்லாமல் விடுவது நம் ஊரில் சாதாரணம். விரதம் ஒருவருக்கு என்னவாக இருக்கிறது, நோயாளிகளுக்கு இஸ்லாம் விலக்களித்திருந்தும் சிலர் ஏன் அந்த விலக்கை ஏற்க மனமின்றி நோன்பு பிடிக்கிறார்கள், கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ நேர்ந்துகொண்ட விரதத்தை ஒரு தாய் எவ்வளவு எளிதில் விடுவாள் என்பதையெல்லாம் ஓரளவு அறிந்த மருத்துவர், விரதம் தொடங்குவதற்கு முந்தைய கிளினிக்கிலேயே கேட்டுவிடுவார். கேட்டபின் விடச் சொல்வதா, அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொடுப்பதா என்பது மருத்துவ முடிவு. கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் வேறு வகை அறிவு வேண்டியிருக்கிறது.

நோயாளியைப் பேசவிடுவதும் இதைச் சேர்ந்ததே. ஹாவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் 74 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்து, நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கன்களில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று கண்டார்கள். நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்ட சந்திப்புகளில், தொடங்கிய பேச்சு முடிவடையவே இல்லை. வெளிநோயாளர் பிரிவின் வரிசையையும், மாலையில் சனல் பண்ணிக் காத்திருக்கும் கூட்டத்தையும் பார்த்த எவரும் நம் ஊர் மருத்துவர்களை எடுத்த எடுப்பில் குறைசொல்ல மாட்டார்கள். நேரம் உண்மையிலேயே இல்லை. ஆனால் நேரம் இல்லாதவருக்குத்தான் எதைக் கேட்பது, எந்த இடத்தில் குறுக்கிடாமல் இருப்பது என்ற தேர்ச்சி கூடுதலாக வேண்டும்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவராக இருந்துகொண்டே இலக்கியத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ரீட்டா ஷரோன், கதையாடல் மருத்துவம் என்ற பெயரில் வளர்த்த முறை இந்தத் தேர்ச்சியைக் குறிவைக்கிறது. மாணவர்கள் ஒரு கவிதையையோ சிறுகதையையோ சேர்ந்து வாசிக்கிறார்கள்; யார் சொல்கிறார், எங்கே தொடங்குகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், காலம் எப்படி முன்பின்னாக நகர்கிறது என்று வரிவரியாகப் பேசுகிறார்கள்; பின்னர் அதே கேள்விகளை நோயாளியின் வாய்மொழிக்கும் கேட்கப் பழகுகிறார்கள். "அவர் போன பிறகுதான் டொக்டர் இந்தத் தலையிடி" என்று தொடங்கும் பெண், தலையிடியின் காலத்தைக் கணவன் போன நாளிலிருந்து எண்ணுகிறாள். எத்தனை கிழமையாக என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளும் மாணவர், அவர் எங்கே போனார் என்று கேட்க மாட்டார். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருக்கலாம், காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம், இறந்திருக்கலாம். இவை மூன்றுக்கும் மருத்துவர் அடுத்துச் செய்யவேண்டியது ஒன்றல்ல.

கொழும்பில் இவை எல்லாவற்றுக்கும் மேலாக மொழி வந்து நிற்கிறது. இந்நகரில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் கற்பித்தது. அதன் வழிவந்த மருத்துவ பீடத்திலும் படிப்பு இன்றுவரை ஆங்கிலத்திலேயே நடக்கிறது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்து, 1867இல் வெளிவந்த இரண வைத்தியம் உட்படப் பல நூல்களைத் தமிழில் ஆக்கித் தந்துவிட்டு, 1873இல் ஊர் திரும்பினார். அந்த வழி தொடரவில்லை. அதற்கும் முன்னர், யாழ்ப்பாண அரசர் காலத்துப் பரராசசேகரம் போன்ற வைத்திய நூல்கள் செய்யுளாகவே இயற்றப்பட்டவை. இலக்கியமும் வைத்தியமும் தொடர்பற்றவை என்ற நினைப்பு நம்மிடையே அவ்வளவு பழையதல்ல.

இன்று ஒரு வாட்டில் நடப்பது இப்படி இருக்கும். மருத்துவர் சிங்களம் பேசுபவர், படித்தது ஆங்கிலத்தில். நோயாளி தமிழ் மட்டும் தெரிந்த முதியவர். அவருடைய மகள் இடையில் நின்று மொழிபெயர்க்கிறாள். தகப்பனிடம் கேட்கக் கூச்சமான கேள்வியை அவள் விட்டுவிடுகிறாள். தகப்பன் சொன்ன குடிப்பழக்கத்தைக் குறைத்துச் சொல்கிறாள். மருத்துவர் சொன்ன கெட்ட செய்தியை மெதுவாக்கி, பாதியை விழுங்கிவிடுகிறாள். அவளுக்கு இதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. மூவருக்கும் மூன்று வேறு உரையாடல்கள் நடந்து முடிந்திருக்கின்றன என்பதுதான் நிலைமை. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு 1987ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் சொல்கிறது என்பது கட்டிலருகே உடனே பயன்படுவதில்லை. அங்கே பயன்படுவது, உறவினர் மொழிபெயர்க்கும்போது எவை விடுபடும் என்று மருத்துவர் அறிந்திருப்பதும், இயன்றால் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரைக் கூப்பிடுவதும்தான்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, டொக்டர்." புற்றுநோய் உறுதியானதும் பிள்ளைகள் வாட்டுக்கு வெளியே மருத்துவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லும் வாசகம் இது. மேலைநாட்டுப் பாடநூலைப் பின்பற்றினால் விடை எளிது: நோயாளிக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு, ஆகவே சொல்ல வேண்டும். குடும்பத்தின் சொல்லைக் கேட்டு நடந்தாலும் விடை எளிதே: சொல்ல வேண்டாம். மெய்யியல் பயிற்சி இந்த இடத்தில் செய்வது, இரண்டு எளிய விடைகளையும் நம்ப விடாமல் தடுப்பது. அம்மா முடிவுகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டே இதுவரை வாழ்ந்திருந்தால், அதுவும் அவருடைய விருப்பமாக இருக்கக்கூடும். அப்படி அல்லாமல், காணியைப் பிரித்து எழுதவும், வெளிநாட்டிலிருக்கும் மகனை ஒருமுறை பார்க்கவும் நினைத்திருப்பவராக இருந்தால், மறைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆகவே முதலில் கேட்கவேண்டியவர் அம்மாதான்: முடிவுகள் வந்தால் எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்வதா, பிள்ளைகளிடம் பேசுவதா என்று, முடிவு வருவதற்கு முன்னரே கேட்டுக்கொள்ளலாம். இதில் நம்மூர் நிலைமை வேறொன்றும் உண்டு. கொழும்பில், புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மஹரகமவுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாலே என்ன நோய் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். ஊரின் பெயரைக் கேட்டதும் விளங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல் இருக்கும் அம்மாக்கள் பலர்.

சம்மதம் பற்றிய ஒழுக்கவியல், வரலாற்றோடு சேர்த்துப் படிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரச் சேவை 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், மேகநோய் (சிபிலிஸ்) கொண்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பின்னரும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947இல் வெளிவந்த நியூரம்பேர்க் கோவை, ஆய்வுக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான சம்மதத்தை முதல் விதியாக வைத்தது. ஆனால் அதே ஜெர்மனியில், மனிதர் மீதான பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டிகள் 1931இலேயே வெளியிடப்பட்டிருந்தன. அந்த மருத்துவர்களிற் பலர் இசையும் இலக்கியமும் நன்கு அறிந்த வர்க்கத்தினர். இலக்கியம் படித்தால் மனிதர் நல்லவராகிவிடுவார் என்று சொல்லி இத்துறையை விற்க முயல்பவர்களுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

விஞ்ஞானக் கேள்வியும் விழுமியக் கேள்வியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே அண்மைய உதாரணம் இருக்கிறது. கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் மட்டுமே செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அடக்கம், தகனம் ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்ற வாதம் இங்கு முன்வைக்கப்பட்டது. ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி நல்லடக்கம் செய்வதைக் கடமையாகக் கருதும் முஸ்லிம்களுக்கு இது தாங்க முடியாத கட்டளை. கிறிஸ்தவர்களிலும் பலருக்கு அவ்வாறே. 2021 பெப்ரவரி இறுதியில் அந்த விதி மாற்றப்பட்டு, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கொழும்பில் இறந்தவரின் உடலும் அவ்வளவு தூரம் கொண்டுசெல்லப்பட்டது. கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அமைச்சரவை முடிவெடுத்தது.

மருத்துவ வகுப்பில் இதை எடுத்துக்கொண்டால், நீரில் வைரஸ் கலக்குமா என்பது நுண்ணுயிரியல் கேள்வி என்று முதலில் பிரித்துவிடலாம். அதற்கு உறுதியான விடை கிடைக்கும் முன்னர் யாருடைய நட்டத்தில் எச்சரிக்கையாக இருப்பது, மீள முடியாத ஒரு செயலைச் சந்தேகத்தின் பேரில் ஒரு சமூகத்தின் மீது சுமத்தலாமா, இறந்தவருக்கு உயிருள்ளவர்கள் செய்யும் கடமைக்குப் பொதுச் சுகாதாரக் கணக்கில் என்ன மதிப்பு என்பன நுண்ணுயிரியல் கேள்விகள் அல்ல. நிபுணர் குழு முதற்கேள்விக்கு விடைசொல்லும்போதே மற்றவற்றுக்கும் சேர்த்து விடைசொல்லிவிட்டதுபோல் நடந்துகொள்ள இடம் கொடுக்கலாகாது. அரசியல் காரணங்களும் இதில் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவற்றைக் கண்டுகொள்வதும் வரலாறும் சமூகவியலும் தரும் பயிற்சியே.

தொழுநோயையும் இப்படி நீண்ட காலப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் இல்லம், நோயாளரை ஊரிலிருந்து ஒதுக்கிவைப்பதே சிகிச்சை என்றிருந்த காலத்தைச் சேர்ந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோயை முற்றாகக் குணப்படுத்தலாம் என்ற நிலை வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் தேமலைப் பார்த்ததும் வீட்டுக்குள்ளேயே மறைத்துவைக்கும் பழக்கம் போகவில்லை. தோலில் உணர்ச்சியற்ற தேமலோடு தாமதமாக வரும் நோயாளியிடம் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கடிந்துகொள்ளும் மருத்துவர், அந்தப் பயத்தின் வயதை அறியாதவர்.

உளநோய்க்கு வந்தால் கேள்வி இன்னும் ஆழமாகிறது. இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் வெளிவந்த கட்டுரையொன்றில், வாழ்க்கை நிலையற்றது, துன்பமயமானது என்ற எண்ணங்களை மேலைநாட்டு அளவுகோல் மனச்சோர்வின் அறிகுறிகளாக எண்ணும்போது, பௌத்தர் ஒருவர் அவற்றைத் தியானத்தின் மூலம் தாமாகவே வளர்த்துக்கொள்ளக் கூடியவர் என்பதைச் சுட்டிக்காட்டினார். மனச்சோர்வு என்ற நோயே இங்கில்லை என்று இதற்குப் பொருளல்ல. அறிகுறிப் பட்டியலை நிரப்பும்போது, அந்த எண்ணம் இந்த மனிதரின் வாழ்க்கையில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கேட்காமல் புள்ளி போடக்கூடாது என்பதே பொருள். நிலையாமையைப் பாடும் தேவாரத்தையும் சித்தர் பாடலையும் கேட்டு வளர்ந்த தமிழ் நோயாளிக்கும் இது பொருந்தும்.

நுண்கலையின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். யேல் பல்கலைக்கழகத்தில் தோல்நோய் மருத்துவர் இர்வின் பிரேவர்மன், மாணவர்களை ஓவியக் கூடத்துக்கு அழைத்துச்சென்று, தலைப்பைப் பார்க்காமல் ஓவியத்தில் கண்டதை மட்டும் விவரிக்கச் சொன்னார். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளின் புகைப்படங்களில் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வாறு கூர்ந்த பார்வை எத்தனை ஆண்டுகளுக்கு நிலைக்கிறது, நோயாளிக்கு அதனால் எவ்வளவு நன்மை என்பது வேறு விடயம். இத்துறையின் பலன்களில் எளிதில் அளக்கக்கூடியது இது ஒன்றுதான் போலும், ஆகவே அளவுக்கு மீறி மேற்கோள் காட்டப்படுகிறது.

கொழும்பு மருத்துவ பீடத்தில் 1995ஆம் ஆண்டின் பாடத்திட்ட மாற்றத்தோடு நடத்தை விஞ்ஞானம் ஒரு தனி நிரலாக உள்ளே வந்தது. மனிதப் பண்பியல் துறை அதற்குப் பின்னர் வந்தது. மாணவர்களிடையே எந்தப் பாடம் மதிக்கப்படும் என்பதைப் பரீட்சையே தீர்மானிக்கிறது என்பதைப் பல்கலைக்கழகம் சென்ற எவரும் அறிவர். கட்டுரை எழுதவைத்துப் புள்ளி போட்டால், கருணையாக எழுதத் தெரிந்தவர்கள் கருணையாக எழுதிவிடுவார்கள். இதைவிட, நோயாளியாக நடிப்பவரை முன்னிருத்தி, கெட்ட செய்தி சொல்லுதல், சம்மதம் பெறுதல், மொழிபெயர்ப்பவர் ஒருவரோடு வேலை செய்தல் ஆகியவற்றைச் செய்துகாட்ட வைக்கும் செயன்முறைத் தேர்வு நம்பத்தக்கது. அங்கே நடிப்பவர் தமிழிலும் சிங்களத்திலும் பேச வேண்டும். யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் போதாது. மலையகத்திலிருந்து கொழும்பு வீடுகளில் வேலைக்கு வந்த பெண்ணும், புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரியும், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரும் தங்கள் உடம்பைப் பற்றி ஒரே தமிழில் பேசுவதில்லை. ஒரு தமிழ் மாணவருக்கே மற்றவரின் பேச்சு விளங்காமல் போகக்கூடும். இந்தப் பேச்சுகளைப் பதிந்து பாடமாக்கிய தமிழ்ப் பொருள்கள் மிகக் குறைவு. மொழியியலாளரும் மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அங்கே காத்திருக்கிறது.

அதுவரை தனியாகத் தொடங்க விரும்பும் மாணவர், நோய் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி முடித்த பின்னர், நோயாளி சொன்னவற்றை அவருடைய சொற்களிலேயே அரைப் பக்கத்தில் தமிழில் எழுதி, மறுநாள் காலையில் அவருக்கே வாசித்துக்காட்டிச் சரியா என்று கேட்கலாம். நோயாளி எதையாவது திருத்தினால், எதைத் திருத்தினார் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வாட் ரவுண்டில் விசேட வைத்தியர் கட்டிலருகே வந்து கேள்வி கேட்கும்போது அந்தக் குறிப்பு கையில் இருப்பது நல்லது.